கிடங்கின் வடக்குக் கதவு

கண்ணு,

உன் புத்தகம் செவ்வாய்க்கிழமை கூரியரில் வந்தது. வழவழப்பான அட்டை. உள்ளே 'அப்பாவுக்கு, முதல் பிரதி' என்று உன் கையெழுத்து. ரயில் பாதையோரத்துப் பழைய கட்டடங்களைப் பற்றி உன் கம்பெனிக்காக நீ எழுதிய அறிக்கை. நான் படிக்க வேண்டும் என்றே தமிழ்ப் பிரதியாகப் பார்த்து அனுப்பியிருக்கிறாய். உன் அம்மா அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டுவிட்டு என் கையில் கொடுத்தாள். இரண்டு நாள் உட்கார்ந்து ஒரு வரி விடாமல் படித்தேன். வியாழக்கிழமை மத்தியானம் அதைத் தூக்கிச் சுவரில் எறிந்தேன். அட்டை மடங்கிப் போய்விட்டது. உன் அம்மா ஓடிவந்து எடுத்து, தலையணைக்கு அடியில் வைத்து நிமிர்த்திக்கொண்டிருக்கிறாள். பிள்ளையைப் பாராட்டி நாலு வரி எழுதுங்கள் என்கிறாள். இது பாராட்டுக் கடிதம் இல்லை. உன் மேலும் கோபம், என் மேல் அதைவிடக் கோபம். அடுத்த வாரம் அந்தப் புத்தகத்தை மேடை போட்டு வெளியிடப் போகிறீர்களாம். அதற்கு முன்னால் இதைக் கடைசி வரை படித்துவிடு.

நீ எழுதியதில் சரியானவை நிறைய இருக்கின்றன. அதை மறுக்கவில்லை. தண்டவாளம் போன வழியைப் பிடித்துக்கொண்டுதான் இந்த ஊர் பெருத்தது என்று எழுதியிருக்கிறாய், சரி. பருத்தி அரைத்துக் கொட்டை நீக்கும் ஃபேக்டரி, அதை ஒட்டி வரிசையாகக் கிடங்குகள், எண்ணெய் மில், மரக்கடை, பம்பு மோட்டார் வார்க்கும் பட்டறை, சரக்கு ஷெட்டுக்கு எதிரே வெளியூர் வியாபாரிகள் தங்கிய லாட்ஜ், அப்புறம் நான் வேலை செய்த மில் என்று வரிசைப்படி போட்டிருக்கிறாய். பாதையிலிருந்து பிரிந்து ஒரு தனித் தண்டவாளம் மில்லுக்குள்ளேயே வரும். வேகன் நேராகக் கிடங்கு வாசலில் வந்து நிற்கும். பஞ்சுப் பேலை உருட்டி இறக்கினால் உள்ளே விழும். லாரி வந்த பிறகு அந்தத் தண்டவாளத்தைப் பிடுங்கி இரும்புக் கடைக்குப் போட்டுவிட்டார்கள். இதெல்லாம் எழுதியிருக்கிறாய். ரம்பப் பல் மாதிரி வடக்கே பார்த்த கண்ணாடிக் கூரை, வார்ப்பிரும்புத் தூண், தேக்கு உத்தரம் எல்லாவற்றுக்கும் படம் போட்டிருக்கிறாய். அந்தக் கூரையில் ஓடு மாற்றியவன் நான். அந்தத் தூண்களின் காலடியில் வருஷா வருஷம் காரை பூசியவன் நான். படங்களைப் பார்த்தபோது நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது. நாற்பத்திரண்டாம் பக்கம் வரும்வரை.

நாற்பத்திரண்டாம் பக்கத்தில் எங்கள் மில்லின் பஞ்சுக் கிடங்கைப் பற்றி நீ எழுதியிருப்பதை அப்படியே எடுத்து எழுதுகிறேன். 'வடக்குச் சுவரிலுள்ள வளைவு வாசல், கட்டடம் எழும்பிய சில ஆண்டுகளிலேயே அடைக்கப்பட்டிருக்க வேண்டும். காரணம் தெரியவில்லை. அடைப்பின் செங்கல் வேலை, பாதையோரக் கட்டடங்கள் அனைத்திலும் சிறந்தது, பாதுகாக்கத் தக்கது.' அதற்கு ஒரு முழுப் பக்கப் படம் வேறு.

அந்த அடைப்பு உன்னைவிட இரண்டு வயது இளையது, கண்ணு. அதை அடைத்தவன் உன் அப்பன்.

நீ என்னைக் கேட்டாய். அதையும் ஒப்புக்கொள்கிறேன். போன வருஷம் அளவு டேப்பும் கேமராவும் வைத்துக்கொண்டு வீட்டில் வந்து தங்கியிருந்தபோது, தோசை சாப்பிட்டுக்கொண்டே, "ஏனுங்கப்பா, அந்த வடக்குக் கதவு எப்ப அடைச்சதுங்க?" என்றாய். "நா வேலைக்குச் சேர்றதுக்கு முந்தியே அடைச்சுபோட்டாங்க கண்ணு" என்றேன். உன் அம்மா தோசைக் கரண்டியைக் கல்லின் மேல் வைத்துவிட்டு உள்ளே போனாள். நீ கவனிக்கவில்லை. நான் சொன்னது பொய். ஆனால் பதினைந்து நாள் இந்த ஊரில் இருந்தாயே, வேறு யாரையாவது கேட்டாயா? முதலாளி பங்களாவுக்கு மூன்று சாயங்காலம் டேப்ரிகார்டரோடு போனாய். அவர் தாத்தா எந்தக் கப்பலில் மிஷினை இறக்கினார் என்பது உன் புத்தகத்தில் இருக்கிறது. தண்டவாளத்துக்கு வடக்கே மில் தொழிலாளிகளின் லைன் வீடுகள் இன்னமும் இருக்கின்றன. பழைய ஆட்கள் இருபது குடும்பமாவது இருக்கிறார்கள். அதில் எந்த வாசலில் நின்று கேட்டிருந்தாலும் காரணத்தைச் சொல்லியிருப்பார்கள். சுவரை இஞ்சு இஞ்சாக அளந்திருக்கிறாய். சுவருக்குப் பின்னால் இருந்தவர்களிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. இந்தக் கோபம் எனக்கு ஆறவே இல்லை.

அந்த லைனில்தான் நீ பிறந்தாய். நம் வீட்டுக்குப் பக்கத்து வீடு சரஸ்வதியினுடையது. நம் வீட்டு ஆல்பத்தில் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு பெண் சிரிக்கிறாளே, யார் என்று நீ கேட்கும் போதெல்லாம் 'பக்கத்து வீட்டு அத்தை' என்று சொல்லிப் பக்கத்தைப் புரட்டிவிடுவேனே, அவள்தான். மில்லில் நூல் சுற்றும் பகுதியில் வேலை. நீ பிறந்து உன் அம்மா மஞ்சள்காமாலையில் இரண்டு மாதம் பெரியாஸ்பத்திரியில் கிடந்தபோது, உன்னைக் குளிப்பாட்டி, சங்கில் பால் புகட்டி, தன் மகள் வசந்தாவோடு சேர்த்து வளர்த்தவள் அவள். என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். கூடப்பிறந்தவள் எனக்கு இல்லாத குறை அவளால் தீர்ந்தது.

லைன் வீட்டுக்காரர்கள் எல்லாம் வேலைக்குப் போனது அந்த வடக்குக் கதவு வழியாகத்தான். கதவுக்கு நேரே தண்டவாளத்துக்கு அடியில் ஒரு வாய்க்கால் பாலம். கொஞ்சம் குனிந்தால் ஆள் போகலாம்; மறுபுறம் மில் மதில் வளைத்த முற்றம், அந்தக் கதவைத் தவிர அங்கிருந்து வேறு வழி இல்லை. மில் சங்கு ஊதியதும் வீட்டை விட்டு இறங்கினால், பாலத்தடியில் புகுந்து, கதவில் நுழைந்து, ஐந்து நிமிஷத்தில் மிஷின் முன்னால் நிற்கலாம். கதவுக்கு முன்னால் ஒரு புளியமரம். ஷிப்டு மாறும்போது அந்த நிழலில்தான் ஜனங்கள் நின்று பேசுவார்கள். உனக்கு இரண்டு வயதான அந்த வருஷம் ஆட்களைக் குறைக்கப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. புளியமரத்தடியில் கூட்டம் சேர ஆரம்பித்தது. முன்கேட்டில் என்றால் காவலாளி இருக்கிறான், விரட்டலாம். இங்கே யாரும் இல்லை. ஒருநாள் காலை மேனேஜர் என்னைக் கூப்பிட்டு விட்டார். நான் அப்போது மில்லின் கட்டட வேலைகளுக்கு மேஸ்திரி. ஆனால் இன்னும் நிரந்தரம் ஆகவில்லை.

"மேஸ்திரி, வடக்குக் கதவு வழியாப் பஞ்சு திருட்டுப் போகுது. சாயங்காலத்துக்குள்ள அடைச்சிரணும்" என்றார்.

"திருட்டு ஒண்ணும் போகலீங்களே சார்" என்றேன்.

"உன்னைக் கேட்டேனா? புதுசா அடைச்சது மாதிரி தெரியக் கூடாது. நாளைக்கு எவனாவது வந்து இதை ஏன் மூடுனீங்கன்னு கேட்டா, எப்பவோ மூடுனதுன்னு நான் சொல்லோணும்."

அத்தோடு விட்டுவிட்டு வந்திருக்கலாம். தலைவலி என்று வீட்டுக்குப் போயிருக்கலாம். நான் என்ன செய்தேன் தெரியுமா? பழைய எடை மேடை அறையை இடித்தபோது எடுத்து அடுக்கி வைத்திருந்த செங்கலைக் கொண்டுவந்தேன். அது கிடங்கு கட்டிய காலத்துச் செங்கல். சிமெண்டு தொடவில்லை, சுண்ணாம்பை மணலோடு அரைத்துப் பழைய பக்குவத்தில் காரை போட்டேன். பக்கத்து வரிசை எப்படி ஓடுகிறதோ அதே வரிசையில் கல்லை ஓட்டினேன். கடைசியில் பாய்லர் கரியைச் சாணித் தண்ணீரில் கலந்து துணியால் ஒற்றி ஒற்றி நிறம் ஏற்றினேன். அதை யாரும் சொல்லவில்லை. நானாகச் செய்தேன். வேலை நன்றாக வர வர எனக்கு உற்சாகமாக இருந்தது, கண்ணு. நீ பாதுகாக்கத் தக்கது என்று எழுதியிருக்கிறாயே, அந்த வேலைப்பாடு அதுதான்.

ஷிப்டு முடிந்து வந்த சரஸ்வதி சுவரைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "ஏனுங்ண்ணா, எங்க கதவை எங்க ஒளிச்சு வெச்சுபோட்டீங்க?" என்றாள். மேனேஜர் உத்தரவு என்றேன். சிரிப்பு நின்றது. "அப்ப நாளைக்கு எப்படிங்ண்ணா வேலைக்கு வாரது?"

"ரயில்வே கேட்டைச் சுத்தி, முன்வாசலுக்கு வா."

"கேட்டைச் சுத்துனா ரெண்டு மைலுங்க. புள்ளைக்கு ஆக்கி வெச்சுபோட்டு, ஓடி வாரதுக்குள்ள சங்கு ஊதிப்போடும். நேரமாயிருச்சுன்னா திருப்பி அனுப்பிப்போடுவாங்க."

"மேல ஏறித் தண்டவாளத்தைத் தாண்டி மட்டும் வந்தராத அம்மணி" என்றேன். இதைச் சொன்னதை வைத்துப் பல வருஷம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். என் கையால் வழியை அடைத்துவிட்டு, வேறு வழியில் வராதே என்று புத்தி சொன்னேன்.

மூன்று நாள் சுற்றித்தான் வந்தாள். அதில் ஒருநாள் தாமதமாகித் திருப்பி அனுப்பப்பட்டாள். நான்காம் நாள் காலையில் தூறல். மில் மதில் முடிகிற இடத்தில் கரையேறித் தண்டவாளத்தைத் தாண்டியிருக்கிறாள். அந்த இடத்தில் பாதை வளைகிறது. இருகூர் பக்கமிருந்து வரும் வண்டி கிட்டே வந்த பிறகுதான் கண்ணில் படும். தலையில் முக்காடு போட்டிருந்ததால் சத்தமும் கேட்கவில்லை போலிருக்கிறது. நான் ஓடிப் போனபோது சோற்றுத் தூக்குப்போசி மட்டும் முழுசாகக் கிடந்தது. மற்றதை எழுத மாட்டேன்.

லைன் முழுக்க மில் முன்னால் திரண்டது. கதவை அடைத்ததால்தான் செத்தாள் என்று கத்தினார்கள். விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தார். அவர் வருவதற்கு அரைமணி முன்னால் மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உன் நிரந்தர ஆர்டர் என் மேஜை மேல இருக்குது" என்றார். அதிகாரி சுவருக்கு முன்னால் நின்று பார்த்தார். விரலால் காரையைத் தடவினார். பிறகு என் பக்கம் திரும்பி, 'ஜனங்கள் ஒன்று சொல்கிறார்கள், மில் ஒன்று சொல்கிறது. நீ கட்டடத்துக்காரன், நீ சொல், இது எப்போது அடைத்தது' என்று கேட்டார். எனக்குப் பின்னால் சரஸ்வதியின் வீட்டுக்காரர் ஆறு வயது வசந்தாவைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ரொம்ப வருசமாச்சுங்க" என்றேன்.

அவர் என் வார்த்தையை நம்பினார் என்று நினைக்காதே. என் சுவரை நம்பினார். ஜனங்கள் சங்கத்துப் பேச்சைக் கேட்டுக்கொண்டு பேசுகிறார்கள் என்று முடிவு செய்து, சரஸ்வதி தன் கவனக்குறைவால் செத்தாள் என்று எழுதிவிட்டுப் போனார். எனக்கு ஆர்டர் வந்தது. லைனில் யாரும் என்னோடு பேசவில்லை. உன் அம்மா சோறு போட்டாள். ஆறு மாதம் வாய் திறக்கவில்லை. அந்த வருஷக் கடைசியில் வீட்டைக் காலி செய்து ஊரின் அந்தக் கோடிக்குக் குடிபோனோம். அதனால்தான் அந்தக் கதவு திறந்திருந்தது உனக்கு நினைவே இல்லை. அந்த நிரந்தர வேலைச் சம்பளத்தில்தான் நீ படித்தாய். கட்டடக் கலை படிக்கிறேன் என்று நீ சொன்னபோது நான் ஏன் எழுந்து வெளியே போனேன் என்று உனக்கு இப்போது புரியும்.

இருபத்தைந்து வருஷம் இதை உள்ளேயே வைத்திருந்தவன், உன் புத்தகத்தை ஏன் எறிந்தேன்? பொய் சொன்னபோது அது ஓர் அதிகாரியின் ஃபைலில் மட்டும் இருந்தது. இப்போது நீ அதை அச்சடித்துவிட்டாய். மில் மூடியாயிற்று, கிடங்கு கடைகளும் ஹோட்டலுமாக மாறப் போகிறது, அந்தச் சுவரை மட்டும் விளக்குப் போட்டு வைக்கப் போகிறார்கள் என்று பேப்பரில் வந்திருக்கிறது. ஜனங்கள் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். வெள்ளிக்கிழமை காலை உன் அம்மாவிடம் புத்தகத்தில் இருப்பதைச் சொன்னேன். "இப்பவாச்சும் போங்க" என்று மட்டும் சொல்லி, சட்டையை எடுத்துக் கொடுத்தாள். மேட்டுப்பாளையத்துக்கு ரயில் ஏறினேன்.

சரஸ்வதியின் வீட்டுக்காரர் அந்த வருஷமே மகளைக் கூட்டிக்கொண்டு தன் சொந்தக்காரர்களிடம் மேட்டுப்பாளையம் போய்விட்டார். இப்போது அவரும் இல்லை. வசந்தா அங்கே ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் எஸ்.டி.டி. பூத் வைத்திருக்கிறாள் என்று ரயிலுக்குப் போகும் வழியில் லைனில் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். முப்பது வயதுக்கு மேல் ஆகிறது. சரஸ்வதியின் நெற்றி, அதே குரல். என்னை அடையாளம் தெரியவில்லை. இன்னாரென்று சொன்னதும், "வாங்க மாமா, உக்காருங்க" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டாள். உட்காராமல், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் பாக்கு வியாபாரி ஒருவர் போன் பேச வந்தார். அவர் பேசி முடித்துப் போகும்வரை அவள் என்னைப் பார்க்கவே இல்லை, மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் போனதும், "அப்ப அந்தக் கதவு தொறந்துதான் இருந்துச்சுங்களா?" என்றாள்.

"உங்கம்மா போறதுக்கு நாலு நாளைக்கு முன்னால வரைக்கும் தொறந்துதான் இருந்துச்சு அம்மணி."

"எங்கப்பனும் அப்படித்தான் சொல்லிச்சுங்க. குடிச்சுபோட்டுச் சொல்லுதுன்னு யாரும் நம்பலீங்க. சுத்திப் போகச் சோம்பேறித்தனப்பட்டு ரயில்ல விழுந்தவள்னு சித்தப்பா ஊட்ல எல்லாருஞ் சொல்லுவாங்க. நானும் நம்பிட்டேனுங்க மாமா. கோவம் வாரப்பெல்லாம் எங்கம்மாவைத் திட்டிப்போட்டிருக்கேன். கொஞ்சம் சுத்திப் போயிருந்தா என்ன, என்னை இப்படி உட்டுட்டுப் போனியேன்னு போட்டோவைப் பாத்து வெஞ்சிருக்கேன்."

அவள் அழவில்லை. நான்தான் அழுதேன். அதைப் பார்த்து அவளுக்கு எரிச்சல் வந்தது. "அழுகறதுக்கு வந்தீங்களா? இந்தாங்க, எழுதிக் குடுங்க" என்று ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் எடுத்துக் கொடுத்தாள். உட்கார்ந்து எழுதினேன். பஞ்சுக் கிடங்கின் வடக்குக் கதவு சரஸ்வதி இறப்பதற்கு நான்கு நாள் முன்பு அடைக்கப்பட்டது, விசாரணையில் அது மறைக்கப்பட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். வாங்கி இரண்டு முறை படித்தாள்.

"அடைக்கப்பட்டதுன்னா? யாரு அடைச்சதுங்க? மறைச்சது யாருங்க? உங்க பேரையே காணோமே மாமா" என்று தாளைத் திருப்பிக் கொடுத்தாள்.

இன்னொரு தாள் வாங்கினேன். 'மேனேஜர் சொன்னார், நான் அடைத்தேன். அதிகாரி கேட்டார், நான் பொய் சொன்னேன்' என்று எழுத எனக்கு அரை மணி நேரம் பிடித்தது. அவள் அதைப் பக்கத்துக் கடையில் ஜெராக்ஸ் எடுத்து வந்து, ஒரு பிரதியை என்னிடம் நீட்டி, "சின்னதுல எங்கம்மா பாத்துக்கிட்ட பையன்தான அந்தப் புஸ்தகம் எழுதுனது? அவருக்கு அனுப்புங்க" என்றாள். அதைத்தான் இதோடு வைத்திருக்கிறேன். கிளம்பும்போது போய்வருகிறேன் என்றேன். அவள் அடுத்துப் போன் பேச வந்தவருக்கு ஸ்டூலை நகர்த்திப் போட்டாள்.

இனி உன் வேலை. புத்தகம் அச்சாகிவிட்டது, இப்போது மாற்ற முடியாது என்று நீ சொல்வாய். அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு வேறு பக்கம் ஒட்டு. கம்பெனி ஒப்புக்கொள்ளாவிட்டால் மேடையில் ஏறிச் சொல். அப்பனை ஊருக்கு முன்னால் காட்டிக்கொடுப்பதா என்று தயங்காதே; அப்படி நீ தயங்கினால்தான் எனக்குக் கேவலம். அந்தச் சுவரை இடிக்கச் சொல்லி எழுதுவதானாலும் எழுது, வைத்திருக்கச் சொல்வதானாலும் சொல். எதைச் செய்தாலும் சரஸ்வதியின் பெயரை எழுது, என் பெயரை எழுது. எதிர்காலத்தில் எந்தக் கட்டடத்தை அளக்கப் போனாலும் டேப்பை எடுக்கும் முன்னால் அங்கே வேலை செய்தவர்களின் வீடு எங்கே என்று கேள். அவர்களிலும் என்னைப் போலப் பொய் சொல்கிறவன் இருப்பான். அதனால் ஒருவனோடு நிறுத்தாதே.

இதை இன்றைக்கே கூரியரில் போடுகிறேன், நாளைக்கு உன் கைக்கு வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை வருவதாக எழுதியிருந்தாய். வா. ஆனால் ஸ்டேஷனில் இறங்கியதும் நேராக வீட்டுக்கு வராதே. அடுத்த வண்டி பிடித்து மேட்டுப்பாளையம் போய் வசந்தாவைப் பார். என்ன பேசுவது என்று என்னைக் கேட்காதே, எனக்குத் தெரியாது. அவள் உட்காரச் சொன்னால் உட்கார், திட்டினால் கேட்டுக்கொள். சாயங்காலம் ஆனாலும் பரவாயில்லை, அதன் பிறகு வீட்டுக்கு வா. உனக்குச் சோறு எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

அப்பா